தகவல் கற்கைகளில் இணையவழி முதுமாணிப் பட்டம்: திருகோணமலையிலிருந்து விண்ணப்பிப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது ஒரு பின்னேரத்து வேலை. அந்தப் படிவத்துடன் இணைக்க வேண்டிய கடதாசிகளைத் திரட்டி முடிக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. திருகோணமலையில் ஒரு நூலகத்தில் வேலை செய்துகொண்டே, நூலகர்களுக்கும் ஆவணங்களைப் பேணுவோருக்குமான இப்படிப்பில் சேர்ந்தவன் என்பதால், உப்புவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் இளம் பட்டதாரிகளும் ஆசிரிய நூலகர்களும் என்னிடம் விபரம் கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்பதே. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்தப் பட்டம் எதற்கு என்பது முதலாவது. கையில் இப்போது என்ன பட்டம் இருக்கிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், நீங்கள் விண்ணப்பிக்கக்கூடிய பல்கலைக்கழகங்கள் தாமாகவே நான்கைந்தாகச் சுருங்கிவிடும்.

பட்டம் எதற்கு

உள்நாட்டில் நியமனமோ பதவி உயர்வோ பெறுவதற்காகப் படிப்பவர், பல்கலைக்கழகங்களின் இணையத்தளங்களைத் திறப்பதற்கு முன்னர், தாம் குறிவைக்கும் பதவியின் ஆட்சேர்ப்புத் திட்டத்தை எடுத்து வரிக்கு வரி வாசிக்க வேண்டும். அதில் பட்டத்தின் பெயர், பாடப்பரப்பு, காலம், ஆய்வுக்கூறு ஆகியவை பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறதோ அதற்குப் பொருந்தாத பட்டம், எவ்வளவு புகழ்பெற்ற இடத்திலிருந்து வந்தாலும், நேர்முகத் தேர்வு மேசையில் பயன்படாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஏற்பதற்கு, அது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டேட்டிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கையேட்டிலோ இடம்பெற்றிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். நீங்கள் தெரிவுசெய்த பல்கலைக்கழகத்தின் பெயரையும், படிப்பு இணையவழியில் நடைபெறுகிறது என்ற விபரத்தையும் குறிப்பிட்டு, பணம் கட்டுவதற்கு முன்னரே ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதில் கோப்பில் நிற்பதில்லை.

இந்த நோக்கத்துக்கு வெளிநாட்டுப் பட்டம் உண்மையில் தேவைதானா என்பதையும் ஒருமுறை யோசிக்க வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் நூலக தகவல் விஞ்ஞானத் துறையும், கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனமும் பட்டப்பின் படிப்புகளை நடத்துகின்றன. முதற்பட்டம் இல்லாமல் நூலகத்தில் வேலை செய்பவர்களுக்கு, 1960 இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமா வேறொரு வழி. கொழும்புக்குப் போய்வரும் செலவையும் விடுமுறையையும் கணக்கிட்ட பின்னரும் உள்நாட்டுப் படிப்பு மலிவாகவே முடியும் என்பது என் கணிப்பு.

வெளிநாட்டில் நூலகராக வேலை செய்யும் எண்ணம் இருப்பவருக்குக் கணக்கு வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நூலகர் பதவி விளம்பரங்களிற் பெரும்பாலானவை அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த முதுமாணிப் பட்டத்தைக் கேட்கின்றன. ஐக்கிய இராச்சியத்தில் சிலிப் என்ற தொழில்சார் அமைப்பும், அவுஸ்திரேலியாவில் ஆலியா என்ற நூலகச் சங்கமும் அதே வேலையைச் செய்கின்றன. இங்கே பல்கலைக்கழகத்தின் தரவரிசையை விட, குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதே பெரிது. பல்கலைக்கழகம் புகழ்பெற்றதாக இருக்க, அதன் தகவல் முகாமைத்துவப் படிப்புக்கு நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆகவே படிப்பின் பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், சங்கங்களே வெளியிடும் பட்டியலில் படிப்பின் சரியான பெயரைத் தேடிப் பாருங்கள்.

இணையவழிப் பட்டம் என்றால் இரண்டாந்தரம் என்ற பேச்சு நம்மூரில் இன்னும் அடங்கவில்லை. இல்லினோய் பல்கலைக்கழகம் நூலகப் படிப்பை 1996 இலேயே இணையத்தின் வழியே கற்பிக்கத் தொடங்கிவிட்டது. சான் ஹோசே அரச பல்கலைக்கழகம், அபர்டீனிலுள்ள ரொபர்ட் கோர்டன், வேல்ஸிலுள்ள அபரிஸ்ட்வித், அவுஸ்திரேலியாவின் சார்ள்ஸ் ஸ்டர்ட் ஆகியவை தொலைவிலிருந்தே நூலகர்களை உருவாக்கிப் பழகியவை. தேடலை இந்த ஐந்திலிருந்து தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

கையிலுள்ள பட்டம்

முதற்பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம்; தமிழ், புவியியல், வணிகம், விஞ்ஞானம் எல்லாமே செல்லும். சிக்கல் வருவது ஆண்டுக் கணக்கில். நம்முடைய பொதுப் பட்டம் மூன்று ஆண்டுகள், சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டுகள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முன்னது 5 ஆம் மட்டம், பின்னது 6 ஆம் மட்டம். ஐக்கிய இராச்சியத்தில் முதற்பட்டமே பொதுவாக மூன்றாண்டு என்பதால் அங்கே ஆண்டுக் கணக்கு பெரிய தடையாவதில்லை, ஆனால் வகுப்புச் சித்தியைக் கேட்பார்கள். வட அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமா என்ற கேள்வி எழும், டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. மூன்றாண்டுப் பட்டம் மட்டும் உள்ளவர், மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர், தம் பாடப்பட்டியலின் பிரதியை இணைத்து நுழைவுப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது நல்லது.

4.00 அளவீட்டில் 3.00 என்ற சராசரிப் புள்ளியைப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எல்லையாக வைத்திருக்கின்றன. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அதுவே இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவின் தொடக்கமும் ஆகும். வெளிவாரியாகப் பட்டம் பெற்றவர்களும் பழைய முறையில் பட்டம் பெற்றவர்களும் சராசரிப் புள்ளி இல்லாமல் வெறும் தரங்களை மட்டுமே வைத்திருப்பார்கள். அவர்கள் தாமாக ஒரு கணக்குப் போட்டுப் படிவத்தில் எழுதக்கூடாது. தரங்களின் விளக்கக் குறிப்பைப் பதிவாளர் அலுவலகத்தில் பெற்று இணைத்தால் போதும்.

பெயர்

இந்தப் பகுதியை அலட்சியமாகக் கடந்து போகாதீர்கள். என் ஏழு மாதங்களில் மூன்று இதற்கே போயின.

என் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. அதில் என் பெயர் ஒரு கூட்டிலும் தந்தையின் பெயர் இன்னொரு கூட்டிலும் எழுதப்பட்டுள்ளன. தேசிய அடையாள அட்டையில் தந்தையின் பெயர் முன்னாலும் என் பெயர் பின்னாலும் முழுமையாக வருகின்றன. பட்டச் சான்றிதழில் தந்தையின் பெயர் சுருங்கி ஒரே முதலெழுத்தாக நிற்கிறது. கடவுச்சீட்டில் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. அதுவும் அடையாள அட்டையில் இல்லாத ஓர் 'எச்' எழுத்தைச் சேர்த்துக்கொண்டு. நமக்கு இந்நான்கும் ஒரே ஆள்தான் என்பதில் ஐயமில்லை. கடல் கடந்த ஒரு நுழைவுப் பிரிவில் கணினித் திரைக்கு முன்னால் இருப்பவருக்கு இவர்கள் நான்கு பேர். நான் முதலில் விண்ணப்பித்த இடம், சான்றிதழில் உள்ளவரும் கடவுச்சீட்டில் உள்ளவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் கேட்டுக் கோப்பை நிறுத்தி வைத்தது. நான் ஆதாரத்தைத் தேடி அனுப்புவதற்குள் அந்த ஆண்டின் சேர்க்கை முடிந்துவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில், கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தையே உங்கள் பெயராக எடுத்துக்கொண்டு, படிவம், ஆங்கிலத் தேர்வு, மின்னஞ்சல், சுயவிபரக் கோவை எல்லாவற்றிலும் அதை மட்டுமே பயன்படுத்துங்கள். இரண்டாவதாக, உங்கள் ஆவணங்களில் வரும் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒன்றுவிடாமல் எழுதி, இவை அனைத்தும் ஒரே ஆளைக் குறிப்பன என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி தயாரித்துச் சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிடுங்கள். மூன்றாவதாக, தமிழிலுள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுத்து, பெயரின் எழுத்துக்கூட்டல் அதன்படியே அமைய வேண்டும் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஐந்தாவதாக ஒருவர் பிறந்துவிடுவார். ஓர் ஆளின் பல பெயர் வடிவங்களை ஒன்றாகக் கட்டி வைப்பது நூற்பட்டியலாக்கத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. படிப்பில் சேர்வதற்கு முன்பே செய்முறைப் பயிற்சி முடிந்துவிட்டது என்று நான் ஆறுதற்பட்டுக்கொண்டேன்.

ட்ரான்ஸ்கிரிப்ட்

பதிவாளர் அலுவலகம் தரும் பெறுபேற்று விபரத்தை இங்கே எல்லோரும் ட்ரான்ஸ்கிரிப்ட் என்றே சொல்கிறோம். கோணேசபுரி வளாகத்தில் படித்தவர்களுக்கு அலைச்சல் குறைவு. மற்றவர்கள் வந்தாறுமூலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ ஒருமுறையாவது பஸ் ஏற வேண்டியிருக்கும். ஒரே பயணத்தில் குறைந்தது நான்கு பிரதிகளை, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், உறையின் மடிப்பில் முத்திரை குத்தி வாங்குங்கள். நான் வாங்கிய முதல் உறையை, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வீட்டில் வைத்துத் திறந்துவிட்டேன். திறந்த உறைக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பார்க்க விரும்பினால் உறையில்லாத பிரதியொன்றைத் தனியே கேளுங்கள். ஆரம்பப் பரிசீலனைக்கு ஸ்கேன் செய்த பிரதி போதும் என்றும், அனுமதி கிடைத்த பின்னர் மூலம் வந்தால் போதும் என்றும் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அப்போதும் மூலம் அலுமாரியில் தயாராக இருக்க வேண்டும்.

அந்தப் பயணத்திலேயே, ஆங்கிலத்தில் படித்தவர்கள் போதனாமொழிக் கடிதத்தையும் வாங்கிவிடலாம்.

ஆங்கிலத் தேர்வு

இணையவழியிற் படிப்பவருக்கு மாணவர் விசா தேவையில்லை. ஆகவே ஆங்கில நிபந்தனையைப் பல்கலைக்கழகமே தன் விருப்பப்படி வைக்கிறது. போதனாமொழிக் கடிதத்தை ஏற்று விலக்கு அளிக்கும் இடங்களும் இருக்கின்றன. கேட்டுப் பார்க்காமல் தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள். விலக்குக் கிடைக்காதவர்களுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் பெரும்பாலும் 6.5 தேவைப்படும், ஒவ்வொரு பகுதிக்கும் தனியே ஒரு கீழெல்லையும் இருக்கும். பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்பதால், மற்றக் கடதாசிகள் கைக்கு வரும் முன்னர் அவசரப்பட்டுத் தேர்வெழுதுவது வீண்செலவு. நம்மவர்கள் வாசிப்பில் நன்றாகச் செய்து எழுத்தில் வழுக்குகிறார்கள். ஒரு மணிநேரத்தில் இரண்டு கட்டுரைகள். முதலாவதற்கு 20 நிமிடம், இரண்டாவதற்கு 40 நிமிடம் என்று மணிக்கூட்டை முன்னால் வைத்து எழுதிப் பழகுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது.

நோக்கக் கூற்று

ஏன் இந்தப் படிப்பு, ஏன் இப்போது, ஏன் எங்களிடம் என்ற மூன்று கேள்விகளுக்கு இரண்டு பக்கத்தில் விடை சொல்லும் கட்டுரை இது. சில பல்கலைக்கழகங்கள் இதைக் கேட்பதேயில்லை. கேட்கும் இடங்களில், புள்ளிகள் சுமாராக உள்ள ஒருவரைத் தூக்கிவிடுவது இதுவே.

என் முதல் வரைவு, சிறுவயதிலிருந்தே எனக்குப் புத்தகங்கள் என்றால் உயிர் என்று தொடங்கியது. அதை வாசித்த என் மேலதிகாரியான அக்கா, "தம்பி, இதை யாரும் எழுதலாமே. நீர் இங்க என்ன செய்தனீர் எண்டு எழுதும்" என்று திருப்பித் தந்தார். அன்றிரவு, நூலகத்துக்கு வரும் நூல்களைப் பதியும் சேர்வுப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன்.

நினைவுக்கு வந்தது ஒரு சின்னச் சம்பவம். எங்கள் நூற்பட்டியலைக் கணினிக்கு மாற்றியபோது, முன்னர் இருந்தவர்கள் ஆசிரியர் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தார்கள். சண்முகம் என்ற பெயர் ஓரிடத்தில் 'எஸ்' என்றும், இன்னோரிடத்தில் 'எஸ்.எச்.' என்றும், வேறோரிடத்தில் 'சி.எச்.' என்றும் தொடங்கியது. ஒரே ஆசிரியரின் நூல்கள் மூன்று ஆசிரியர்களின் கீழ்ப் பிரிந்து கிடந்தன. ஓர் உயர்தர மாணவி ஒரு நூலைத் தேடி வந்து, கணினியில் இல்லை என்ற பதிலோடு திரும்பினாள். அந்த நூலோ அவள் நின்ற இடத்திலிருந்து நாலு தட்டுத் தள்ளி இருந்தது. பிறகு நான் தமிழ் எழுத்திலேயே ஒரு பெயர்ப்பட்டியல் அமைத்து, ஒவ்வொரு பெயருக்கும் அதன் ஆங்கில வடிவங்கள் அனைத்தையும் இணைத்தேன். எது செய்ய முடிந்தது, எது தெரியாமல் இடறினேன், எந்தப் பாடம் அந்த இடறலைத் தீர்க்கும் என்று எழுதியபோது, இரண்டு பக்கம் போதவில்லை. அந்த மாணவி வெறுங்கையோடு திரும்பிய காட்சியே இறுதி வரைவின் முதற் பந்தியாயிற்று.

உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். நூல்களுக்குப் பாடவாரியாக எண் கொடுக்கும் தூவி தசமப் பகுப்பாக்கத்தில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணின் கீழே வந்து நெருங்குவதால், ஈழத்துச் சிறுகதையையும் தமிழ்நாட்டு நாவலையும் தட்டில் எப்படிப் பிரித்து வைத்தீர்கள் என்பது ஒரு நல்ல தொடக்கம். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளில் நனைந்த பதிவேடுகளைக் காயவைத்த அனுபவம், கோயில் மலர்களையும் பாடசாலை ஆண்டு மலர்களையும் ஸ்கேன் செய்த அனுபவம், 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கு ஆவணம் சேர்த்துக் கொடுத்த அனுபவம் ஆகியவையும் அப்படியே. நூலகத்தில் வேலை செய்யாதவரும் தளரத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் கோப்புகளை ஒழுங்குபடுத்தியதும், மருத்துவமனையில் நோயாளர் பதிவுகளைக் கணினியில் ஏற்றியதும் தகவல் வேலைதான். செய்யாததைச் சேர்க்காதீர்கள்; செய்ததைச் சுருக்கவும் வேண்டாம்.

"ஏன் எங்களிடம்" என்ற கேள்விக்கு, அந்தப் பாடத்திட்டத்தில் உள்ள இரண்டு பாடங்களின் பெயரைச் சொல்லி, அவை உங்கள் வேலையின் எந்தக் குறையைத் தீர்க்கும் என்று எழுதுவதே மதிப்பான பதில். ஒரே கட்டுரையில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி நான்கு இடத்துக்கு அனுப்புவோர், ஓரிடத்தில் பெயரை மாற்ற மறந்துவிடுவதும் நடக்கிறது.

பரிந்துரைக் கடிதங்கள்

வழக்கமாக இரண்டு தேவைப்படும்: ஒருவர் உங்களுக்குக் கற்பித்தவர், மற்றவர் உங்கள் வேலையைப் பார்த்தவர். பெரிய பதவியில் இருப்பவரின் நான்கு வரியை விட, உங்களை அறிந்த உதவி விரிவுரையாளரின் ஒரு பக்கம் பயனுள்ளது. பல்கலைக்கழகத்தின் தளம் பரிந்துரைப்பவருக்கு நேரடியாக ஓர் இணைப்பை அனுப்பும்; அது பெரும்பாலும் ஸ்பாம் பெட்டியில் போய் விழும். ஆகவே பெயரைப் பதிந்த அன்றே, "சேர், மின்னஞ்சல் வந்திருக்கா எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நிறுவன மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையே கொடுக்கச் சொல்லுங்கள்.

நேர வேறுபாடு

வகுப்புகள் குறித்த நேரத்தில் நேரலையாக நடக்குமா, அல்லது பதிவுசெய்த விரிவுரைகளை நினைத்த நேரத்தில் பார்க்கலாமா என்பதை விண்ணப்பிக்கும் முன்னர் கேளுங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மாலை 6 மணிக்குத் தொடங்கும் வகுப்பு, அவர்களுடைய குளிர்காலத்தில் நமக்கு மறுநாட் காலை 7.30 ஆகவும், கோடையில் 6.30 ஆகவும் இருக்கும். அலுவலகத்துக்குப் புறப்படும் நேரம் அதுதான். ஐக்கிய இராச்சியத்தில் மாலை 5 மணி வகுப்பு நமக்கு இரவு 9.30 அல்லது 10.30. நேரலை வகுப்புகள் உள்ள படிப்பில் சேர்பவர், ரௌட்டருக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ். வாங்கி வைப்பதும், வாடைக்காற்று மாதங்களில் கைத்தொலைபேசித் தரவை மாற்றுவழியாக வைத்திருப்பதும் நல்லது.

இதே கணக்கு இறுதித் தேதிக்கும் பொருந்தும். மேற்குக் கரையில் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் நண்பகல் கடந்த பின்னரே முடியும். சார்ள்ஸ் ஸ்டர்ட் இருக்கும் கிழக்கு அவுஸ்திரேலியாவில் அதே 11.59 என்பது நமக்கு அன்று மாலை 7.29, அவர்களுடைய கோடையில் 6.29, இரவில் அனுப்பலாம் என்று இருந்தால் கதவு மூடியிருக்கும்.

பணம்

ஐக்கிய இராச்சியத்தில் முதுமாணிப் படிப்பு 180 திறமைப்புள்ளிகள் கொண்டது. 60 இல் சான்றிதழோடும் 120 இல் பட்டப்பின் டிப்ளோமாவோடும் விலகிக்கொள்ளும் வழி பொதுவாக உண்டு. அமெரிக்காவில் புள்ளி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறவிடப்படும். இல்லினோயில் 40 புள்ளிகள் முடிக்க வேண்டும். ஒரு புள்ளியின் கட்டணத்தைப் பார்த்து மலிவு என்று மகிழாமல், மொத்தப் புள்ளிகளால் பெருக்கி, தொழில்நுட்பக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், வங்கித் தரகு எல்லாவற்றையும் கூட்டி, ரூபாயில் எழுதிப் பாருங்கள். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், அந்த ஆண்டின் நடுவில் 360 ரூபாயைத் தாண்டியது. அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கட்டணம் மாறவில்லை, ரூபாய்தான் மாறியது. பாடத்துக்குப் பாடம் கட்டக்கூடிய, இடையில் ஒரு தவணை நிறுத்தி வைக்கக்கூடிய படிப்பை நான் தெரிந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

வங்கியினூடாக அனுப்புவதற்கு அனுமதிக் கடிதமும் பல்கலைக்கழகத்தின் விலைப்பட்டியலும் வேண்டும். இரண்டிலும் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருக்கிறதா என்று பாருங்கள். புலமைப்பரிசில் தேடுவோர் பொதுநலவாயத் தொலைக்கல்விப் புலமைப்பரிசிலைக் கவனிக்கலாம். சொந்த நாட்டில் இருந்துகொண்டே ஐக்கிய இராச்சியப் பல்கலைக்கழகமொன்றில் படிப்பவர்களுக்கானது அது. அந்தந்த ஆண்டுப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே அது கிடைக்கும். ஆகவே நீங்கள் விரும்பும் படிப்பு அதில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அனுப்பிய பின்னர்

விண்ணப்ப இலக்கத்தைக் குறித்து வைத்து, வாரத்துக்கு ஒருமுறை தளத்தில் உள்நுழைந்து பாருங்கள். விடுபட்ட ஆவணம் பற்றிய அறிவித்தல் பல இடங்களில் தளத்தில் மட்டுமே தோன்றும். நிபந்தனையோடு கூடிய அனுமதி வந்தால், எந்த ஆவணம் எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

அனுமதிக் கடிதத்தில் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்னர் பெயரைப் பாருங்கள். பட்டச் சான்றிதழில் அச்சாகப் போவது பெரும்பாலும் அதே பெயர்தான். எனக்கு வந்த கடிதத்தில், அவ்வளவு சத்தியக்கடதாசிக்குப் பிறகும், அந்த 'எச்' விடுபட்டிருந்தது. பதிவு செய்வதற்கு முன்னரே கடவுச்சீட்டின் பிரதியை இணைத்து எழுதியதால், இரண்டு நாளில் திருத்தி அனுப்பினார்கள்.